புதியவர் தேவை, அனுபவம் கட்டாயம்

கொன்றையூரை மகுடேசுவர மன்னர் ஆண்டது எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். அரியணைக்குப் பக்கத்தில் கவரி வீசுபவர்களும் இருந்தார்கள், அரண்மனை நிர்வாகமும் கணினியில் ஓடியது. ஓடியது என்றா சொன்னேன்? நொண்டியது. வரி கட்டியவன் வீட்டுக்கே மறுபடியும் சேவகன் போனான். செத்துப்போன யானைக்குத் தினமும் கரும்பு வந்தது.

"நல்ல மென்பொருள் எழுத ஆட்களைச் சேருங்கள்" என்றார் மன்னர்.

பொறுப்பு அமைச்சர் கனகசபாபதியிடம் போனது. அவருக்குக் கணினியை எந்தப் பக்கம் திறப்பது என்றே தெரியாது. ஆனால் விளம்பரம் எழுதத் தெரியும். கோட்டை வாசலில் பலகை தொங்கியது: 'புதியவர்கள் மட்டும் வரவும். ஐந்து வருட அனுபவம் கட்டாயம்.'

படித்து முடித்த பிள்ளைகள் வெயிலில் வரிசை கட்டினார்கள். அவர்களில் ஒருத்தி உலகம்மை. கெட்டிக்காரி. "படிப்பு முடிவதற்குள் வேலை உன் வாசலில் வந்து நிற்கும்" என்று சொல்லித்தான் அவளைக் கல்லூரியில் சேர்த்தார்கள். இப்போது வாசல் வாசலாக அவள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அனுபவம்?" என்றார் அமைச்சர், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"இப்போதுதான் படித்து முடித்தேன், ஐயா. செத்த யானைக்கு ஏன் கரும்பு வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். சரிசெய்து காட்டட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம். அனுபவம் இருக்கிறதா, இல்லையா?"

"வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்?"

"அனுபவம் வந்தால்தானே வேலை கொடுப்பேன்! அடுத்த ஆள்!"

உலகம்மை உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அழக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. அந்த வழியாக வந்த சாரங்கன் அதைப் பார்த்தான். மன்னரின் சபையில் வாயால் பிழைப்பவன் அவன். நடந்ததைக் கேட்டுக்கொண்டு நேரே சபைக்குப் போய், உலகம்மையின் கதையை மன்னரிடம் சொன்னான்.

"மன்னா, அமைச்சர் கேட்பது இளநீராகவும் இருக்க வேண்டும், கொப்பரையாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு காய் எந்தத் தென்னையிலும் காய்க்காது."

அமைச்சர் சீறினார். "இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சரக்கு இல்லை, மன்னா! இவன் வேண்டுமானால் தேடிக் கொண்டுவரட்டும். நாளைக்குள் முடியாவிட்டால் சபையை விட்டே போகட்டும்!"

மன்னர் யோசித்தார். "என்ன சாரங்கா?"

"புதியவர், ஆனால் ஐந்து வருட அனுபவம். அவ்வளவுதானே? கொண்டுவருகிறேன்."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. மேளம் முழங்க, பட்டு வேட்டியும் மாலையுமாக ஒருவன் உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை.

"இவன் யார்?" என்றார் மன்னர்.

"புதுமாப்பிள்ளை, மன்னா. அமைச்சர் தம் மகளுக்கு வரன் தேடுவது ஊருக்கே தெரியும். அவர் விருப்பப்படியே தேடிப் பிடித்தேன்."

அமைச்சரின் கண் பின்னால் நின்ற பெண்மேல் விழுந்தது. "அது யார்?"

"இந்த மாப்பிள்ளையின் மனைவி. அதுதான் ஐந்து வருட அனுபவம்! தூளி ஆட்டத் தெரியும். மாமியாருக்குப் பயப்படத் தெரியும். நீங்கள் எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை."

"அடப்பாவி!" அமைச்சர் துள்ளி எழுந்தார். "புதுமாப்பிள்ளைக்கு எதற்கடா அனுபவம்? கல்யாணம் ஆன பிறகு தானாகக் கற்றுக்கொள்ள மாட்டானா?"

சாரங்கன் மன்னரை நோக்கிக் கும்பிட்டான். "அமைச்சரே தீர்ப்பு சொல்லிவிட்டார், மன்னா."

மன்னருக்குச் சிரிப்பில் கிரீடம் நழுவியது. "நேற்றுத் திருப்பி அனுப்பிய அந்த உலகம்மையைக் கூப்பிடுங்கள்! இன்றே வேலையில் சேரட்டும்" என்றார். சாரங்கனின் கழுத்தில் தம் முத்துமாலையைப் போட்டார்.

உலகம்மை உள்ளே வந்தாள். அமைச்சருக்கு மனசு ஆறவில்லை. "சரி மன்னா, ஆனால் முதல் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கட்டும். பிடித்தால் வைத்துக்கொள்வோம், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவோம்" என்று இழுத்தார்.

சாரங்கன் பணிவாகக் கேட்டான்: "உங்கள் மகளைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் அப்படியே சொல்லிவிடட்டுமா, அமைச்சரே?"