மூன்றணு வளையம்

மனைவியின் காரியம் முடிந்த மறுநாளே இசக்கிமுத்து ஆய்வகத்துக்கு வந்துவிட்டான். நாலு வயது மகள் சங்கரன்கோவிலில், மாமியார் வீட்டில். அதன்பின் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டால், "வேலை முடியட்டும்" என்பான். ஆராய்ச்சி மாணவனின் வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது?

அவன் வேலை ஒரு வளையம். ஒரு போரான் அணு, இரண்டு கார்பன் அணு, அவ்வளவுதான். இடம் போதாமல் வளைத்துக் கட்டியது என்பதால் எந்நேரமும் இறுக்கத்திலேயே இருக்கும். காற்றுப் பட்டால் தொலைந்தது. ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், மூடிய குப்பிகளில், கடுங்குளிரில் அதைப் பாதுகாத்து வந்தான்.

பேராசிரியர் மங்கையர்க்கரசி ஒருநாள் வந்து நின்றார்.

"செஞ்சிட்ட, சரி. எதோட எப்படி வினைபுரியுதுன்னு பாத்தியா?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

"எதச் சேத்தாலும் ஒடஞ்சிரும் மேடம். இப்பிடியே பத்திரமா இருந்துட்டுப் போட்டும்."

அவர் பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள் கைகளை நுழைத்தார். ஒரு குப்பியைத் திறந்து, பென்சால்டிஹைடு என்ற ஆல்டிஹைடைச் சில சொட்டு விட்டார்.

குப்பியில் இருந்த கரைசலின் மஞ்சள் நிறம் வெளுத்துக்கொண்டே வந்து இல்லாமல் போனது.

"போச்சே மேடம்!"

"நிறம் போச்சு. அத வெச்சே முடிவு கட்டிடுவியா? என்.எம்.ஆர். எடுத்துட்டு வா."

எடுத்து வந்தான். அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒடஞ்சிருக்கு மேடம். ஆனா சிதறல. தெறந்து, ஆல்டிஹைடோட ரெண்டு அணுவ உள்ள சேத்துக்கிட்டு மூடியிருக்கு. இப்ப அஞ்சணு வளையம்."

"இறுக்கம்?"

"ரொம்பக் கொறஞ்சிருக்கு."

"பழைய வளையம்?"

அவன் தாளை மடித்து மேசையில் வைத்தான்.

"அது இனி வராது மேடம்."

மங்கையர்க்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். பெட்டியின் பம்ப் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"சங்கரன்கோவிலுக்கு எப்பப் போற?"

அவன் தலை குனிந்தான்.

"பாப்பா தெனமும் போன்ல கூப்பிடுதா. போனா அவ முன்னாடி ஒடஞ்சி அழுதுருவேன் மேடம். அதான்."

"அப்ப அவ யார் முன்னாடிப்பா அழுவா?"