முள்வாங்கி

வாந்திபேதி ஊர் ஊராக வாரிக்கொண்டு போன வருஷம் அது. செத்தவர்களைப் புதைக்கவே ஆள் போதவில்லை, பிழைத்துக் கிடந்த பிள்ளைகளை யார் பார்ப்பது? மலையடிவாரத்து மடத்தில் இருந்த மாசிலா அம்மை வண்டி கட்டிக்கொண்டு போய் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். கூட்டிவந்து தன் சீடன் ஐயாறனிடம் ஒப்படைத்தாள்.

ஐயாறன் நாற்பதைத் தாண்டியவன். பாடம் சொல்வதில் கெட்டிக்காரன். கோபம் அறியாதவன், பசி பொறுப்பவன், பெற்ற தாய் செத்த சேதி வந்த அன்றும் பூசையை நிறுத்தாதவன் என்று மடத்தில் அவனுக்குப் பேர். அந்தப் பேர் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும் என்பது அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

வந்த புதிதில் பிள்ளைகள் ஓயாமல் அழுதன. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று தொடங்கும். ஐயாறன் அம்மையிடம் போய்க் கேட்டான்.

"இதுக மனசைப் பக்குவப்படுத்தணும் அம்மா. எங்கேயிருந்து தொடங்கட்டும்?"

அம்மை அப்போது ஒரு கைக்குழந்தைக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டு அழுது அத்தனையையும் அவள் மேல் துப்பியது. அவள் சேலையைத் துடைத்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொடுத்து, மறுபடியும் புகட்டினாள். ஐயாறனை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அதுதான் பதில் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அம்மைக்குக் காது மந்தமாகிவருகிறது என்று நினைத்துக்கொண்டான். தானாகவே ஒரு வழியும் கண்டுபிடித்தான்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஐயாறனிடம் அழுத பிள்ளைக்குக் கஞ்சி கிடையாது. பிள்ளைகள் சாப்பிடும் பந்திக்கட்டு வாசலில் ஒரு கருங்கல் கிடந்தது. அழுகிற பிள்ளை அதில் போய் உட்கார வேண்டும். கண் காய்ந்த பிறகு உள்ளே வந்து சாப்பிடலாம். அதட்டல் இல்லை, அடி இல்லை. "முடிச்சிட்டு வா" என்று மட்டும் மெதுவாகச் சொல்வான். கல்லில் இருப்பவரை மற்றவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அழுகை வளரும் என்பது அவன் கணக்கு.

பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். பசி என்ன லேசான வாத்தியாரா? மழைக்காலம் முடியுமுன் கல் காலியாகிவிட்டது. மடத்துக்கு வந்தவர்கள் அந்த அமைதியைக் கண்டு அசந்துபோனார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று ஐயாறன் அடக்கமாகச் சொல்லிக்கொள்வான்.

அவர்களில் செங்கான் என்று ஒரு பையன். அப்பன், ஆத்தா, அக்காள்கள் எல்லாரையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்தவன். வந்த நாளிலிருந்து அவன் அந்தக் கல்லில் உட்கார்ந்ததே இல்லை. "செங்கானைப் பாருங்க" என்று ஐயாறன் சொல்லும்போதெல்லாம் பையன் முதுகை நிமிர்த்திக்கொள்வான்.

ஒருநாள் காலையில் செங்கான் கஞ்சிக்கு வரவில்லை. ஐயாறன் போய்ப் பார்த்தான். பையன் பாயில் விறைப்பாகக் கிடந்தான். உடம்பு கொதித்தது. ஆனால் உதடுகள் இரு பக்கமும் விரிந்து பல் தெரிந்தது. என்ன செய்கிறது என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. கண் மட்டும் ஐயாறனையே பார்த்தது.

ஐயாறனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டான்.

"பாத்தீங்களா? இந்தக் காய்ச்சல்லயும் சிரிக்கிறான். இதுக்குப் பேர்தான் பக்குவம்."

பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். சின்னவர்கள் சிலர் அதே மாதிரி பல்லைக் காட்டிச் சிரித்துப் பழகினார்கள்.

அம்மை பக்கத்து ஊரில் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய வந்து சேர்ந்தாள். வாசலில் நின்றபடியே பையன் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த மூலிகைப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் தாடையைப் பிடித்தாள். அது பூட்டிக்கொண்டிருந்தது.

"சிரிப்பு இல்ல ஐயாறா. ரணஜன்னி. எங்கேயோ புண்ணு இருந்து விஷம் ஏறி வாயைப் பூட்டிருச்சு" என்றாள்.

விடியுமுன் செங்கான் போய்விட்டான். கடைசிவரை அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டுப் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஐயாறனுக்கு எந்தத் தவத்தையும்விடக் கொடுமையாக இருந்தது.

உடம்பைக் குளிப்பாட்டியபோது குதிகாலில் ஒரு கட்டு இருந்தது. வேட்டி ஓரத்தைக் கிழித்துக் கட்டியது. அம்மை அவிழ்த்தாள். சீழ் கோத்த புண்ணுக்குள் உடைமரத்து முள் ஒன்று ஒடிந்து கிடந்தது. சுள்ளி பொறுக்கப் போன இடத்தில் தைத்திருக்க வேண்டும். அன்றைக்கே யாரிடமாவது காலைக் காட்டியிருந்தால் எடுத்துக் கழுவி மருந்து வைத்திருக்கலாம். பையன் காட்டவில்லை. துணியைத் தினமும் தானே அலசிக் கட்டி, நொண்டாமல் நடந்திருக்கிறான். துணி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

குழிமேட்டில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். ஒரு கண்கூட நனையவில்லை. தான் வளர்த்த அந்தக் காய்ந்த முகங்களைப் பார்த்து ஐயாறன் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தான்.

திரும்பி வந்ததும் அம்மையின் காலடியில் உட்கார்ந்தான்.

"ஒரு பிள்ளை மேலயும் நான் கை வச்சதில்ல அம்மா. குரலை உசத்திப் பேசினதுகூட இல்ல. அவன் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அம்மை எழுந்து வேலிப்பக்கம் போனாள். பச்சையாக ஒரு உடைமுள்ளை ஒடித்துக்கொண்டு வந்தாள். அதை விளக்குச் சுடரில் வாட்டினாள். காலை நீட்டச் சொன்னாள். அவன் நீட்டினான். குதிகாலில் அதை அழுத்தி ஏற்றி, வெளியே நின்ற துண்டை ஒடித்துப் போட்டாள்.

"இதோட பாடம் சொல்லு. மறைக்காதே. நீயாச் சொல்லவும் கூடாது. ஒரு பிள்ளை வந்து வலிக்குதான்னு கேக்கட்டும். அன்னைக்கு வா, எடுத்துர்றேன்."

"ஒருத்தரும் கேக்கலைன்னா?"

அம்மை இடுப்பில் தொங்கிய முள்வாங்கியைச் சேலைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஐயாறன் நொண்டி நொண்டிப் பாடம் சொன்னான். முதலில் அது பெரிதாகத் தெரியவில்லை. பசி பொறுத்தவனுக்கு முள் எம்மாத்திரம் என்று வீம்பாக இருந்தான். பிள்ளைகள் பார்த்தார்கள். பார்த்த உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவன் காலடி ரத்தம் தரையில் பட்ட இடத்தை ஒரு பெண் பிள்ளை ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துவிட்டு வாய் பேசாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

கால் வீங்கியது. பெரிய பையன் ஒருவன் பக்கத்தில் ஐயாறன் வேண்டுமென்றே நெடுநேரம் நின்றான். முனகிக்கூடப் பார்த்தான். பையன் ஏட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. இரக்கம் இல்லாத பிள்ளை அல்ல அவன். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை ஐயாறன் கண்டான். வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை ஒரு பிள்ளை தப்பாமல் எல்லாரும் படித்திருந்தார்கள்.

பிறகு அவனுக்குப் பயம் வந்தது. காலையில் விழித்ததும் வாயைத் திறந்து பார்ப்பான். திறந்தால் அன்றைய பொழுது தனக்கு உண்டு என்று எண்ணிக்கொள்வான். செங்கானும் இப்படித் திறந்து பார்த்திருப்பானோ என்று ஒரு காலையில் தோன்றியது. அன்று பூசையில் அவனுக்கு மந்திரம் ஓடவில்லை.

அந்தச் சமயத்தில் அம்மை இன்னொரு பிள்ளையைக் கூட்டிவந்தாள். பேச்சி என்று பெயர், பால்பல் விழாத வயசு. அவளுக்கு மடத்து வழக்கம் தெரியாது. ஆத்தாளைக் கேட்டு அழுதுகொண்டே இருந்தாள். மற்ற பிள்ளைகளே அவளைக் கொண்டுபோய்க் கல்லில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பந்திக்குப் போய்விட்டார்கள்.

ஐயாறன் அவ்வழியே காலை இழுத்துக்கொண்டு வந்தான். பேச்சி அழுகையை நிறுத்தி அவன் காலைப் பார்த்தாள். கல்லைவிட்டு இறங்கிவந்து குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

"சாமி, காலெல்லாம் ரத்தம்" என்றாள். "வலிக்கா?"

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் இத்தனை நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். வாய் தானாகத் திறந்தது.

"இல்லம்மா" என்றான். "வலிக்கல." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான்.

பேச்சி அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் காலைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். புறங்கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உதட்டை இறுக மடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, பந்திக்குள் போய்க் கடைசி இலையில் உட்கார்ந்தாள்.

ஐயாறன் அப்படியே நின்றான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மையின் அறைக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஒரு பிள்ளை கேட்டுவிட்டது என்று சொன்னான். அம்மை முகம் மலர்ந்து முள்வாங்கியை எடுத்தாள். அவன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நீ என்ன சொன்னே?"

அவன் சொன்னான். பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனதையும் சொன்னான்.

அம்மையின் கை நின்றுவிட்டது. அவன் காலை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். பந்திக்கட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பிள்ளைகளும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துருங்க அம்மா. செத்துப்போவேன்" என்றான் ஐயாறன்.

அம்மை முள்வாங்கியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"கேட்டது அவ. அவகிட்டக் கொண்டுபோய்க் குடு. அவ முள்ளைப் பிடிச்சு இழுக்கும்போது வாயைத் திறந்து கத்து. எல்லாப் பிள்ளைக்கும் கேக்கணும்."