மிதவைக்கு அடியில் இருந்த மூச்சு

கடலோர ஆய்வு நிலையம் ஒன்றில் ஞானசௌந்தரி என்று ஓர் ஆசிரியை இருந்தார். புகழேந்தி அவரிடம் சீடனாக வந்து சேர்ந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்த மனிதர். ஆசிரியைதான் வயதில் இளையவர். அதனால் சீடனை அவர் 'சார்' என்றே கூப்பிடுவார்.

கரைக்கு அப்பால் ஒரு மிதவை. அதன் அடியில் தொங்கிய கருவி, தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆசிரியை வெளியூர் போயிருந்த சமயம், அந்த அளவு இறங்கு இறங்கென்று இறங்கியது.

புகழேந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோயில் மைக்கைப் பிடித்தார். "கடல் மூச்சுத் திணறுது, மீனெல்லாம் செத்துப்போகும். யாரும் தொழிலுக்குப் போகாதீங்க."

ஊர் நம்பியது. படகெல்லாம் மணலில் ஏறிவிட்டன.

திரும்பி வந்த ஆசிரியை கேட்டார், "போய்ப் பார்த்தீங்களா சார்?"

"கருவி பார்த்துக்கிட்டேதானே இருக்கு டீச்சர்?"

"வாங்க, போவோம்."

நிலையத்துப் படகைத் தள்ளும்போது, மீன் விற்கிற செலஸ்டீனா வழிமறித்தாள். "என்ன சார், கடலுக்கு வைத்தியமா, காரியமா? சொல்லிட்டுப் போங்க. வீட்டுல உலை வைக்கணும்."

புகழேந்தி படகில் ஏறி உட்கார்ந்தார்.

மிதவையருகே ஆசிரியை கயிற்றை இழுத்தார். மேலே வந்தது கருவி என்றே தெரியவில்லை. உடம்பெல்லாம் சிப்பிக் குஞ்சுகள் அப்பிக் கிடந்தன. புகழேந்தி அவசரமாகக் கத்தியை எடுத்தார்.

"சுரண்டாதீங்க. இருக்கிறபடியே இறக்குங்க."

இறக்கினார். பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி, ஆசிரியை சுத்தமான இன்னொரு கருவியை இறக்கினார்.

பழையது மூச்சு முட்டும் அளவைக் காட்டியது. புதியது, எப்போதும் போல நிறைந்த கடலைக் காட்டியது. படகை நகர்த்தி நாலைந்து இடத்தில் பார்த்தார்கள். எங்கும் குறையில்லை.

"சிப்பிங்க சுத்தி உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கிட்டிருக்கு," என்றார் புகழேந்தி மெதுவாக. "அதைப் போய்..."

படகு திரும்பியது. கரையில் கூட்டம் கூடியிருந்தது. செலஸ்டீனா இடுப்பில் கைவைத்து முன்னால் நின்றாள்.

புகழேந்தி குரலைத் தாழ்த்தினார். "கருவி பொய் சொல்லிடுச்சுன்னு சொல்லிடலாமா டீச்சர்?"

"அது எங்க பொய் சொல்லுச்சு? 'என் பக்கத்துல மூச்சு கம்மியா இருக்கு'ன்னுச்சு. அப்படித்தான் இருந்துச்சு."

ஆசிரியை துடுப்பை உள்ளே இழுத்து வைத்தார்.

"கடல்னு சொன்னது யாரு சார்?"