சகுனக் கோழிகளுக்குத் தீனி போட்டவன்

மதிலும் அகழியும் வைத்து ஊர்கள் வாழ்ந்த காலம். ரோமாபுரி ராஜ்யத்தின் வடக்கு ஓரத்தில் அர்வேனா என்று ஒரு நகரம். எந்த ராஜா, எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். கதைக்கு அது வேண்டாம்.

மதில் நல்ல மதில். உள்ளே கிணறு உண்டு. வெளியே வடதேசத்துக் குதிரைப்படை நாற்பது நாளாக ஊரை வளைத்துக் கிடந்தது. பௌர்ணமிக்குள் தெற்கிலிருந்து சேனை வந்துவிடும் என்று புறா சேதி கொண்டுவந்திருந்தது. அதுவரை கதவைச் சாத்தி வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தளபதி பல்தோவுக்கு அது பொறுக்கவில்லை. சேனை வந்து ஜெயித்தால் வெற்றி மாலை வேறொருவன் கழுத்தில் அல்லவா விழும்?

அந்த ஊரில் ஒரு வழக்கம். போருக்குக் கதவைத் திறக்கும் முன் சகுனக் கோழிகளுக்குத் தானியம் போட்டுப் பார்ப்பார்கள். ஆவலாகத் தின்றால் தெய்வம் சம்மதித்தது. தின்ன மறுத்தால் சம்மதம் இல்லை. மூன்று கோழிகள்: வெள்ளை, கறுப்பு, புள்ளி. அவற்றை வளர்ப்பவன் பெயர் ஓப்பியுஸ். அதிகம் பேசாதவன்.

முற்றுகை வந்ததும் பல்தோ எல்லோருக்கும் ரொட்டியைக் குறைத்தான். கோழித் தீனியை உயிர் தங்க நாலு மணியாகச் சுருக்கினான். "சகுனம் பார்க்கும் நாளில் தின்றால் போதும்" என்றான்.

முதல் தடவை சகுனம் பார்த்தார்கள். கோழிகள் பாய்ந்து தின்றன. கதவு திறந்தது. நூறு பேர் போனார்கள், நாற்பது பேர் திரும்பினார்கள்.

இரண்டாம் தடவையும் கோழிகள் பாய்ந்து தின்றன. எதிரி ஓடுவதுபோல் ஓடினான். துரத்திப் போனவர்கள் இருநூறு பேர், திரும்பியவர்கள் எண்பது பேர்.

மூன்றாம் தடவைக்கு நாள் குறித்தார்கள். மிச்சமிருந்த முந்நூறு பேரும் போக வேண்டும். மதிலைக் காக்க ஆள் கிடையாது. அந்த முந்நூறில் ஒருவன் ஓப்பியுஸின் ஒரே மகன்.

ஓப்பியுஸ் நேரே சபைக்குப் போனான்.

"ஐயா, பட்டினி கிடக்கிற கோழி எதைப் போட்டாலும் தின்னும். அது சகுனம் இல்லை, பசி."

பல்தோ சிரித்தான். "கோழிக்காரன் எனக்குப் போர் சொல்லித்தர வந்துவிட்டான்! பெரியவர்களே, நீங்கள் சொல்லுங்கள். கதவைத் திறக்கலாமா?"

சபையில் மூன்று பெரியவர்கள். மூன்று பேருக்கும் அன்றன்றைய ரொட்டி பல்தோவின் கையால்தான் வரும். மூன்று பேரும் ரொட்டியைப் பார்த்தார்கள். "ஆமாம், ஆமாம், ஆமாம்" என்றார்கள்.

ஓப்பியுஸ் வீட்டுக்கு வந்தான். தன் பங்குக் கோதுமையை எடுத்துக் கூண்டுக்குள் போட்டான். மனைவி விபியா வந்து பார்த்தாள்.

"நாம் காய்ந்து கிடக்க, கோழிக்கு விருந்தா?"

"ஆமாம்."

"இது ஏமாற்று வேலை இல்லையா?"

"வயிறாரத் தீனி வைத்துக் கேள் என்பதுதான் பழைய சட்டம். பட்டினி போட்டுக் கேட்டதுதான் ஏமாற்று."

விபியா உள்ளே போனாள். பிறகு தன் பங்கையும் கொண்டுவந்து கொட்டினாள். "அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கறுப்பு அதை அண்டவிடாது" என்றாள்.

மூன்று நாள் இப்படியே. கோழிகள் தின்றன. இவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள்.

நான்காம் நாள் காலை. முந்நூறு பேரும் கதவடியில் நின்றார்கள். மகனும் ஈட்டியோடு நின்றான். ஓப்பியுஸ் கூண்டைத் திறந்து, எல்லோரும் பார்க்கத் தானியத்தை இறைத்தான்.

வெள்ளை ஒரு மணியைக் கொத்தியது, துப்பியது. கறுப்பு தரையில் அலகைத் தேய்த்தது. புள்ளி தானியத்தின் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"அடேயப்பா! நம்மைவிடக் கோழி நன்றாகத் தின்றிருக்கிறது!" என்றான் ஒரு சிப்பாய்.

பல்தோவின் முகம் சிவந்தது. "என்னடா செய்தாய்?"

"தீனி போட்டேன், ஐயா. என் பங்கு, என் மனைவி பங்கு. திருடவில்லை."

"உன் தலையை வாங்குவேன்!" பல்தோ வாளை உருவினான்.

"வாங்குங்கள். அதற்கு முன் ஒன்று. நான் மூன்று நாள் பட்டினி. ஒரு ரொட்டியை நீட்டி, கதவைத் திறக்கலாமா என்று என்னைக் கேளுங்கள். ஆமாம் என்பேன். என் மகன் அங்கே நிற்கிறான், ஐயா. அவன் சாகட்டுமா என்று கேட்டாலும் ஆமாம் என்றுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அதுவா தெய்வத்தின் சொல்?"



சபைப் பெரியவர்களில் மூத்தவர் முன்னால் வந்தார். அன்றைய ரொட்டியைத் தளபதியின் காலடியில் வைத்தார். "இப்போது கேள், பல்தோ. வேண்டாம் என்கிறேன்."

இரண்டாமவர் வைத்தார். மூன்றாமவர் ஒரு கடி கடித்துவிட்டு வைத்தார். வைத்தார் அல்லவா, அது போதும்.

காவலாளி யார் உத்தரவுக்கும் காத்திராமல் தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டான். பல்தோ முந்நூறு முகங்களையும் பார்த்தான். உருவிய வாளை உறைக்குள் வைத்தான்.

உச்சி வெயிலில் மதில்மேல் நின்றவர்கள் ஒன்றைக் கண்டார்கள். எதிரே இருந்த வறண்ட ஓடைப் பள்ளத்திலிருந்து ஆயிரம் குதிரைகள் மேலே ஏறி வந்தன. கதவு திறக்கும் என்று விடிந்ததிலிருந்து ஒளிந்து காத்திருந்த குதிரைகள். தாகத்தில் நாக்கைத் தொங்கப் போட்டபடி பாசறைக்குத் திரும்பின.

அதற்கு ஒன்பதாம் நாள் தெற்கிலிருந்து சேனை வந்தது. முற்றுகை கலைந்தது. ஓப்பியுஸின் மகன் வீட்டுக்கு வந்து, ஒரே மூச்சில் ஆறு ரொட்டி தின்றான். விபியா ஏழாவதை எடுத்து வைத்தாள்.

அன்றுமுதல் அர்வேனாவில் யாரையாவது யோசனை கேட்க அழைத்தால் முதலில் சாப்பாடு, பிறகுதான் கேள்வி.

பட்டினி போட்டு வாங்கிய சம்மதத்தை நம்பி வாசலைத் திறப்பவன், தன் ஊரைத் தானே எதிரிக்குக் கொடுக்கிறான்.