ரயில்வே பாலத்தில் பூஜ்யம்

ஏட்டு குழந்தைசாமி இருபத்திரண்டு வருடம் நாற்சந்திகளில் நின்றவர். முழங்கால் தேய்ந்ததும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். அடுத்த கால்மணி நேரத்தில் எந்தச் சாலை அடைபடும் என்று முன்கூட்டியே சொல்லும் வேலை. கற்றுக்கொடுத்தவர் மெகருன்னிசா, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

இன்னும் வராத வண்டியை எப்படிப் பார்ப்பது என்று குழந்தைசாமி முதல் நாளே கேட்டார். மெகருன்னிசா அவரைத் திரைக்கு முன் உட்காரவைத்தார். திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்.

ஒரு மாலை, பெருமழை. கேமராக்கள் எல்லாம் அணைந்துவிட்டன. சாலைக்கு அடியில் புதைத்திருந்த கம்பிச் சுருள்கள் மட்டும் தங்களைக் கடக்கும் வண்டிகளை எண்ணி அனுப்பிக்கொண்டிருந்தன.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் வயர்லெஸ்ஸில் வந்தார். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காத ஒரு பெண்ணை ஏற்றி வருகிறாராம். பெரியாஸ்பத்திரிக்கு எந்தப் பாலத்தில் ஏறுவது என்று கேட்டார்.

ஆற்றுப் பாலத்தில் நிமிடத்துக்கு முப்பத்தொரு வண்டி. ரயில்வே பாலத்தில் பூஜ்யம். கணினியும் அதை அடுத்த கால்மணி நேரத்துக்குப் அடைப்பில்லாத பச்சையாகவே காட்டியது.

"சீக்கிரம் சொல்லுங்க ஏட்டையா. ஜாதகமா பாக்குறீங்க?" என்று அவசரப்படுத்தினார் ஓட்டுநர்.

குழந்தைசாமி மைக்கை நோக்கிக் குனிந்தார். மெகருன்னிசா அதன் மேல் கையை வைத்து மூடினார்.

"ரயில்வே பாலத்துல ஆறு மணிக்கப்புறம் எத்தனை வண்டி ஏறியிருக்கு?"

"நானூத்திப் பத்து."

"இறங்கினது?"

"இருநூத்தி அறுபது."

குழந்தைசாமி கழித்துப் பார்த்தார்: நூற்றைம்பது. மெகருன்னிசா கையை எடுத்துக்கொண்டார்.

"ஆத்துப் பாலம்," என்றார் குழந்தைசாமி மைக்கில். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "ஆத்துப் பாலத்துல போங்க."

ஒன்பதாவது நிமிடத்தில் ஓட்டுநர் மறுபடி வந்தார். பெண்ணை உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். உயிர் இருக்கிறதாம்.

மழை குறைந்தபோது ஒரு கேமரா விழித்துக்கொண்டது. ரயில்வே பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிவப்பு விளக்குகள். பேருந்துகளுக்கு நடுவே கால் ஊன்ற இடமில்லாமல் ஸ்கூட்டர்கள். ஒருவர் சாப்பாட்டுப் பையைக் குழந்தையின் தலைமேல் பிடித்திருந்தார். எதுவும் அசையவில்லை.

இப்படிப்பட்ட கூட்டத்தின் நடுவில்தான் குழந்தைசாமி இத்தனை வருடம் நின்றிருந்தார். மேலிருந்து பார்த்ததில்லை. எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை பேரும் அந்தப் பூஜ்யத்துக்குள்ளயா இருந்தாங்க?"

மெகருன்னிசா தலையசைத்தார்.

குழந்தைசாமி திரையில் ஆற்றுப் பாலத்தின் எண்ணைத் தேடினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஆத்துப் பாலத்துலயும் கூட்டம் இருந்துதே, மேடம்."

"இருந்துது ஏட்டையா. நகர்ந்துக்கிட்டிருந்துது."