வழிவிடும் இடம்

ஏழு பந்தயங்களில் முதலாவதாக வந்த ஒருவன், எப்போதும் கடைசியாக வரும் அணியில் போய்ச் சேர்ந்தான்.

அவன் பெயர் ஹல்வர். நார்வே நாட்டுக்காரன். முப்பத்தெட்டு வயதானதும் அவனுடைய பெரிய அணி அவன் இருக்கையை ஓர் இளைஞனுக்குக் கொடுத்துவிட்டது. அதற்கப்புறம் அவனுடைய போன் ஒலிக்கவே இல்லை. கடைசியில் ஒரே ஒரு அழைப்பு வந்தது, ரோவெரி என்ற அணியிடமிருந்து. இத்தாலியில் பீச் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு காலத்தில் ஓடு சுட்ட ஆலையில், ரேஸ் கார் கட்டுகிற சின்ன அணி அது. மஞ்சள் நிற வண்டிகள். பந்தயத்தில் அந்த மஞ்சள் முன்னால் ஓடிப் பார்த்தவர் யாருமில்லை.

அவன் உள்ளே நுழைந்தபோது ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. தலைமை மெக்கானிக் நெல்லோ மட்டும் கையைத் துணியில் துடைத்தபடி வந்தான்.

"வாருங்கள் சாம்பியன். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், குளிர் வருகிறது."

ஹல்வர் தன் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்து உடைமாற்றும் அறையில் மாட்டினான். கொட்டும் மழையில் அவன் ஜெயித்த பந்தயம். ஒரு வளைவின் உட்புறமாகப் பாய்ந்து, இன்னொரு வண்டியை முந்துகிறான். முந்தப்படும் வண்டி ஓரத்தில் மங்கலாக, வெறும் நிறமாகத் தெரிந்தது. நெல்லோ அதைக் கிட்டப் போய்ப் பார்த்தான். நல்ல படம் என்று சொல்லிவிட்டு, வாய்க்குள் சிரித்தபடி போய்விட்டான்.

அணியின் இன்னொரு ஓட்டுநர் ஒரெஸ்தே. அந்த ஊர்க்காரன்தான். ஹல்வரைவிடப் பத்து வயது இளையவன். ஆறு வருடமாக இதே மஞ்சள் வண்டி. பந்தயத்தில் முதல் பத்துப் பேருக்குத்தான் புள்ளி உண்டு. அவன் பதினொன்றைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவனை மெக்கானிக்குகள் எல்லோரும் மாஸ்ட்ரோ என்று கூப்பிட்டார்கள். அந்த நாட்டில் ஆசானை அப்படித்தான் அழைப்பார்கள். ஹல்வர் அதைக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டான்.

பந்தயங்கள் தொடங்கின. முதல் நாள் தனியாக ஓட்டி நேரம் குறிக்கும்போது ஹல்வர்தான் வேகம். மறுநாள் பந்தயத்திலும் பாதி தூரம் வரை ஒரெஸ்தே அவனுக்குப் பின்னால்தான் இருப்பான். அதற்கப்புறம்தான் தலைகீழாகும். முடிவில் பார்த்தால் ஒரெஸ்தே இரண்டு இடம் முன்னால் நிற்பான். ஒரு பந்தயத்தில் என்றால் அதிர்ஷ்டம். எல்லாப் பந்தயத்திலும் என்றால்?

ஹல்வருக்கு ராத்தூக்கம் போயிற்று. நல்ல என்ஜினை ஊர்க்காரனுக்குக் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினான். நெல்லோவிடம் போய் என்ஜினை மாற்றச் சொன்னான். நெல்லோ சண்டை போடவில்லை. அவனுடையதை இவனுக்கும் இவனுடையதை அவனுக்குமாக மாற்றிப் பூட்டினான். அடுத்த பந்தயத்திலும் ஒரெஸ்தேதான் முன்னால் வந்தான்.

"இப்போது சீட்டையும் மாற்றட்டுமா, சாம்பியன்?" என்றான் நெல்லோ.

பிறகு மனமிரங்கியோ என்னவோ, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். ஒரெஸ்தே ஓடிய முதல் பந்தயத்தில் முன்னணி வண்டிகள் அவனை நான்கு சுற்று முந்தினவாம். நடைபாதையில் யாரோ உலாவுகிறார் போலிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர் சிரித்தாராம். மறு வருடம் அது மூன்றானது. அப்புறம் இரண்டு. இப்போது ஒன்றுதான். வண்டி என்னமோ அதே வண்டிதான். இதைச் சொல்லிவிட்டு, நெல்லோ இன்னொன்றையும் சொன்னான். இந்த வருடம் ஒரு புள்ளியாவது வராவிட்டால், ஆலையின் கதவைப் பூட்டிவிடுவதாக முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

கதவு பூட்டினால் ஹல்வருக்கும் அத்தோடு முடிந்தது. வேறு கதவு அவனுக்குத் திறந்திருக்கவில்லை.

அன்று மாலை அவன் ஒரெஸ்தேயைத் தேடிப் போனான். ஏழு முறை ஜெயித்தவனுக்கு இந்த வார்த்தை எளிதில் வருமா? தொண்டையைச் செருமினான், வானத்தைப் பார்த்தான், பிறகு கேட்டேவிட்டான்.

"உனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியாதது என்ன?"

"நாளைக்கு மாமனார் பழம் ஏற்றுகிறார்" என்றான் ஒரெஸ்தே. "கூட வாருங்களேன்."

மாமனாரின் வண்டி ஒரு மூன்று சக்கர லோடு ஆட்டோ. பின்னால் பீச் பழக் கூடைகள். மலைமேல் இருக்கும் சந்தைக்கு ஒடுங்கிய பாதை. அது ஏறுகிற வேகத்தில் ஓர் ஆட்டுக்குட்டி கூடவே நடந்து வரலாம். ஹல்வர் முழங்காலை மடக்கிக்கொண்டு, வண்டி ஓட்டுகிற ஒரெஸ்தேயின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

பாதி மலையில் ஒரு பால் டேங்கர் பின்னால் வந்தது. ஹாரன் அடிக்கும் தூரத்துக்குக்கூட அது வரவில்லை. ஒரெஸ்தே கண்ணாடியில் பார்த்தான், பாதை கொஞ்சம் அகலமான ஓர் இடத்தில் ஒதுங்கிக் கையைக் காட்டினான். டேங்கர் உறுமிக்கொண்டு தாண்டியது. உடனே ஒரெஸ்தே அதன் முதுகில் ஒட்டிக்கொண்டான்.

அடுத்த திருப்பத்தில் ஒரு குறுகிய பாலம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போகலாம். எதிரே வண்டிகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. டேங்கரைக் கண்டதும் எல்லாம் நின்றுவிட்டன. டேங்கர் போயிற்று. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பழ வண்டியும் போயிற்று. ஒரு நொடிகூட நிற்கவில்லை.

ஹல்வருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. பாதையோரப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்தையில் பாதிக் கூடைகள்தான் விற்றன. திரும்பும்போது ஒரெஸ்தே சாவியை ஹல்வரிடம் கொடுத்தான்.

இறக்கத்தில் ஒரு சரக்கு லாரி பின்னால் வந்தது. ஹல்வர் நடுப்பாதையை விடவில்லை. யாருக்கும் வழிவிட்டுப் பழகாத கை அது. லாரி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. கண்ணாடியை அடைத்துக்கொண்டு நின்றது. பாலத்தின் வாசலுக்கு வந்ததும் ஹல்வருக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று ஓரத்து ஜல்லியில் இறக்கினான். சக்கரம் வழுக்கிற்று, கூடைகள் கவிழ்ந்தன, பீச் பழங்கள் பள்ளத்தில் உருண்டன. லாரி பாலத்தைக் கடந்து போனது. அது போனதும் எதிர்ப்பக்க வண்டிகள் ஒவ்வொன்றாக ஏறி வரத் தொடங்கின. அவை முடிகிற மாதிரித் தெரியவில்லை.

"முரட்டுப்பயல்" என்று லாரிக்காரனைத் திட்டினான் ஹல்வர்.

ஒரெஸ்தே பழங்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். எதிரே வந்த ஒரு கிழவர் கண்ணாடியை இறக்கி, புது டிரைவரா என்று விசாரித்தார். ஆமாம், இப்போதுதான் பழகுகிறார் என்று ஒரெஸ்தே மரியாதையாகச் சொன்னான்.

ஹல்வரும் குனிந்து பொறுக்கினான். பிறகு கேட்டான்.

"எப்போது வழிவிட வேண்டும்?"

"அவன் கேட்பதற்கு முன்னால்."

"எங்கே?"

"பாலத்துக்கு முன்னால்."

கடைசிப் பந்தயம் வந்தது. அதுவரை புள்ளி வரவில்லை.

பந்தயம் பாதியைத் தாண்டியபோது ஒரெஸ்தேயின் வண்டியில் கியர் போயிற்று. அவன் அதைப் புல்லில் நிறுத்திவிட்டு நடந்தே வந்து, நெல்லோவுக்குப் பக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இனி ஹல்வர் மட்டும்தான். அவன் பதினொன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான். பத்தாவது ஒரு பச்சை வண்டி. அதன் பின்பகுதி கண்ணில் படுகிறது, கையில் எட்டவில்லை. நேர்ச்சாலையில் பச்சை விலகிப் போகும், வளைவில் கொஞ்சம் நெருங்கும், மறுபடி விலகும். மஞ்சள் வண்டியின் என்ஜினுக்கு அவ்வளவுதான் மூச்சு. நெல்லோ நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான்.

அப்போது கண்ணாடியில் ஒரு வெள்ளி நிறம் தெரிந்தது.

பந்தயத்தில் முதலாவதாக ஓடும் வண்டி, ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடிவிட்டுப் பின்னால் வந்திருந்தது. ஹல்வரின் பழைய அணி. ஹல்வரின் பழைய இருக்கை. அதில் அந்த இளைஞன். இப்படி வரும்போது சாலையோரத்தில் நீலக்கொடி காட்டுவார்கள். பின்னால் வருகிறவனுக்கு வழிவிடு என்று பொருள். இந்த வருடம் முழுக்க ஹல்வர் அந்தக் கொடியைக் கண்டதும் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஓரம் ஒதுங்குவான். சாலையோரத்தில் தேய்ந்த டயரின் ரப்பர்த் துணுக்குகள் கிடக்கும். அது சக்கரத்தில் ஒட்டிக்கொண்டால் இரண்டு வளைவுக்கு வண்டி சொன்னபடி கேட்காது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் போயிற்று.

இப்போதும் கை இறுகியது. இவனுக்கா வழிவிடுவது? இன்னும் இரண்டு வளைவு இவனைக் காக்க வைக்கலாம். அதற்குள் கொடி ஒன்றும் வந்துவிடாது.

அவன் ரேடியோவை அழுத்தினான்.

"மாஸ்ட்ரோ" என்றான். அதுவரை அவன் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "எங்கே?"

ஒரெஸ்தேயின் குரல் சாவகாசமாக வந்தது. "பாலம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்."

நேர்ச்சாலைக்கு முன்னால் ஒரு மெதுவான வளைவு. கொடி வருவதற்கு முன்பே, அந்த வளைவில் ஹல்வர் காலைக் கொஞ்சம் தளர்த்தினான். உட்புறம் ஒரு வண்டி அகலம் இடம் விட்டான். சக்கரங்கள் சுத்தமான தடத்திலேயே இருந்தன. வெள்ளி வண்டி உள்ளே நுழைந்து தாண்டியது. ஹல்வர் உடனே அதன் முதுகில் ஒட்டிக்கொண்டான்.

வேகமாகப் போகிற வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதன் பின்னால் ஒட்டியிருப்பவனைக் காற்று தடுக்காது. தன் என்ஜினால் முடியாத வேகம் அவனுக்குக் கிடைக்கும். ஜெயிக்கிற காலத்தில் ஹல்வர் இதை வைத்து எத்தனையோ பேரை முந்தியிருக்கிறான். தன்னை முந்தியவனிடமும் அது கிடைக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

மஞ்சள் வண்டி அதுவரை போகாத வேகத்தில் போயிற்று. முன்னால் பச்சை வண்டிக்கு நீலக்கொடி காட்டினார்கள். பச்சை வண்டிக்காரன் முரண்டு பிடித்தான், கடைசி நொடியில் ஓரம் ஒதுங்கினான், ரப்பர்த் துணுக்குகளில் சறுக்கினான். வெள்ளி அவனைத் தாண்டியது. வெள்ளியின் வாலைப் பிடித்துக்கொண்டு மஞ்சளும் தாண்டியது.

ஹல்வர் அந்தப் பத்தாவது இடத்தைப் பந்தயம் முடிகிற கொடி விழும் வரை விடவில்லை.

நெல்லோ அழுதான். அழுதுகொண்டே ஹல்வரின் ஹெல்மெட்டில் முத்தமிட்டான். முதலாளியம்மா யாரையும் பார்க்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டார். ஆலையின் கதவை இனி யாரும் பூட்டப்போவதில்லை. கூச்சல் அடங்கியதும் ஹல்வர் ஒரெஸ்தேயைத் தேடினான். அவன் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, ஹெட்போன் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

ஹல்வர் எதிரில் போய் நின்றான்.

"என் படத்தில், மழையில், ஓரத்தில் தெரியும் அந்த வண்டி. அது மஞ்சள் நிறமா?"

"மழையில் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். மஞ்சள்தான்."

"தைரியமாக உள்ளே புகுந்து முந்தினேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்."

"நன்றாகத்தான் முந்தினீர்கள்."

"நீ இடம் விட்டிருக்கிறாய்."

"எனக்கு முன்னால் அன்றைக்கு இரண்டு வண்டிகள் இருந்தன" என்றான் ஒரெஸ்தே. "நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று."

ஹல்வர் பக்கத்து டயரில் உட்கார்ந்தான். ஜெயித்த பந்தயங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் எங்கோ ஒரு மஞ்சள் ஓரமாக வந்து போயிருந்தது. ஒன்றில்கூட அதன் முகம் நினைவில் இல்லை.

"இதையெல்லாம் உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?"

ஒரெஸ்தே வயரைச் சுருட்டி முடித்து நிமிர்ந்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"இத்தனை வருடமாக நான் உங்கள் பின்னால்தானே வந்தேன், மாஸ்ட்ரோ."