கடைவாய்ப் பல்லும் கல் அரைக்கும் ஆலையும்

மலையடிவாரத்துச் செம்புச் சுரங்கத்தில், வெட்டியெடுத்த கல்லை மாவாக அரைக்க ஒரே ஓர் ஆலைதான் இருந்தது. அதற்கு எண்ணெய் போடுகிறவன் பொன்னுரங்கம். வயது ஐம்பத்தைந்து; கடைவாய்ப் பல் ஒன்றுகூடக் கிடையாது.

புதிதாக வந்த மேனேஜர் தணிகாசலம் ஒருநாள் முதலாளியை ஆலைக்கே அழைத்துவந்தார். "புது ஆலையே வேண்டாங்க. நாளையிலிருந்து இதிலேயே ரெண்டு மடங்கு கல்லைப் போட்டு அரைச்சுடலாம்" என்றவர், பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினார். "முடியாதுன்னு சொல்றவன் இப்பவே வீட்டுக்குப் போகலாம்!"

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தான். "முடியாதுன்னு சொல்வேனா ஐயா? நானே செஞ்சு பார்த்தவன்தான். சங்கு ஊதுறதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும்னு ஒரு கவளத்துக்கு ரெண்டு கவளமா வாயில திணிச்சேன். நம்ம புத்தி அவ்வளவுதானே! சோத்துல இருந்த கடலை போட்டபடியே வெளியே வந்துச்சு. மூணு நாள் சொம்பும் கையுமா அலைஞ்சேன்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"மடையா! பல்லைக் கட்டாம சோத்தைக் கூட்டினா எப்படிடா அரைபடும்?" என்றார் மேனேஜர்.

"அதைத்தான் ஐயா, எனக்கு உங்க அளவுக்குச் சொல்லத் தெரியல" என்று பொன்னுரங்கம் கும்பிட்டான்.

முதலாளியின் சிரிப்பு சட்டென்று நின்றது. அரைபடாத கல்லோடு செம்பும் கழிவிலே போய்விடும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"தணிகாசலம், நீங்க சொன்னதுதான் சரி" என்றார். "முதல்ல பல்லைக் கட்டுவோம். ரெண்டாவது ஆலைக்கு இடம் பாருங்க."